மன அழுத்தம் குறைந்தது என்கிறார்களே, எதோடு ஒப்பிட்டு?

சர்க்கரையைப் பார்க்க விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். ரத்த அழுத்தத்துக்குக் கையில் ஒரு பட்டையைச் சுற்றினால் தெரிந்துவிடும். மன அழுத்தத்துக்கு அப்படி ஒரு கருவி இன்னும் வரவில்லை. ஆகவே "இந்தப் பயிற்சியால் டென்ஷன் குறையும், ஆய்வில் நிரூபிச்சாச்சு" என்று யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எதை அளந்தார்கள்? யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்? விளம்பரங்களில் பெரும்பாலானவை இரண்டாவது கேள்வியில்தான் கவிழும். அந்தக் கேள்வியைக் கன்னியாகுமரி மாவட்டத்துத் துறைமுகங்களையும் ரப்பர் தோட்டங்களையும் வைத்துப் பார்க்கலாம். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

உடம்பில் நடப்பது

வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். நேற்றே திரும்பியிருக்க வேண்டிய வள்ளம் இன்னும் கரை சேரவில்லை. இப்படி ஒன்று காதில் விழுந்த சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலங்கும், ஒரே வெப்ராளமாக இருக்கும். இது முதல் வழி. இரண்டாவது வழி கொஞ்சம் மெதுவானது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும். அதிலிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறப் பல நிமிடங்கள் ஆகும்.

இரண்டுமே நமக்குத் தேவையானவைதான். ஆபத்து வந்து போனால் இவையும் அடங்கிவிடும். ஆபத்து போகாமல் மாதக்கணக்கில் நீடித்தால்தான் உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது. 1936-ல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிருக்கும் காயத்துக்கும் அளவுக்கு மீறிய ஓட்டத்துக்கும் உட்படுத்திப் பார்த்தார். காரணம் எதுவானாலும் அட்ரினல் வீங்குவது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்குவது, இரைப்பையில் புண் வருவது என்று ஒரே மூன்று மாற்றங்கள் தென்பட்டன.

மனிதர்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் முக்கியமானவை. ஷெல்டன் கோஹன் குழு 394 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளி வைரஸ் சொட்டுகளை விட்டு, தனியே வைத்துக் கவனித்தது. 1991-ல் முடிவு வெளியானது. மன அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் 47 சதவீதத்தினருக்குப் பிடித்தது. அடுத்தது 1995-ல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு செய்தது. மறதி நோயுள்ள உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிச் சிறு காயம் செய்தார்கள். பராமரிப்பவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 48.7 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 39.3 நாள். ஆக, "எல்லாம் மனசுதான்" என்று தள்ளிவிடுகிற சமாச்சாரம் இல்லை இது.

அளப்பது எப்படி?

அதிகம் பயன்படுவது ஒரு கேள்வித்தாள். கோஹனும் உடன் பணியாற்றியவர்களும் 1983-ல் உருவாக்கியது; இப்போது பரவலாக இருப்பது அதன் 10 கேள்வி வடிவம். கடந்த ஒரு மாதத்தைப் பற்றி மட்டும் கேட்கும். 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'மிக அடிக்கடி' என்றால் 4. மொத்தம் 0 முதல் 40 வரை. 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகள் நல்லதைக் கேட்பவை ("காரியங்கள் நினைத்தபடி நடந்தனவா?" என்கிற மாதிரி). அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 0 என்றால் 4, 1 என்றால் 3.

தவறு நடப்பது இங்கேதான். ஒருவர் கேள்வியைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 4 என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். திருப்பாமல் கூட்டினால் 40, அதாவது உச்சகட்ட அழுத்தம். சரியாகத் திருப்பினால் ஆறு கேள்விக்கு 24, மீதி நான்குக்கு 0, மொத்தம் 24. இதுபோல ஒரே வரிசையில் டிக் அடித்த தாள்களைத் தனியே எடுத்து மறுபடி பார்ப்பது நல்ல ஆய்வுக்கு அடையாளம். இன்னொன்று, இந்த மதிப்பெண் நோய்க்கணிப்பு அல்ல. இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று இதற்கு அதிகாரப்பூர்வமான கோடு எதுவும் கிடையாது.

உமிழ்நீரிலிருந்தும் கார்ட்டிசாலை அளக்கலாம். ஊசி வேண்டாம், பஞ்சுக் குச்சியை வாயில் வைத்து எடுத்தால் போதும். எளிதாகத் தோன்றும், ஆனால் எளிதில் கெட்டுப்போகும். கார்ட்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. கண் விழித்த 30 முதல் 45 நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிக்கொண்டே வந்து, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் நிற்கும். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் விடியும் முன்பே, நெற்றியில் விளக்கோடு தோட்டத்தில் இருப்பார். அவர் 3 மணிக்கு எழுந்தவர் என்றால், காலை 8 மணிக்கு எடுக்கும் மாதிரி விழித்து ஐந்து மணி நேரம் கழிந்தது. நாகர்கோவிலில் ஏழரைக்கு எழுந்த கடைக்காரரின் 8 மணி மாதிரி உச்சத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "பால் வெட்டுபவருக்கு டென்ஷன் குறைவு" என்று எழுதினால் அது கடிகாரத்தின் முடிவு, மனதின் முடிவு அல்ல. அதனால்தான் மணியைப் பார்க்காமல், விழித்தவுடன் ஒன்று, 30 நிமிடத்தில் ஒன்று, 45 நிமிடத்தில் ஒன்று என்று எடுக்கிறார்கள். அதுவரை சாயா கூடாது, பல் தேய்க்கக் கூடாது (ஈறில் ரத்தம் கசிந்தால் அளவு மாறும்), வெற்றிலை, பீடி இரண்டும் கூடாது. எழுந்ததும் கட்டன்சாயா இல்லாமல் முடியாதவர்கள் இந்த இடத்தில்தான் விதியை மீறுவார்கள். மீறியதைச் சொல்லவும் மாட்டார்கள்.

தலைமுடியிலும் பார்க்கிறார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். பின்தலையில் தோலை ஒட்டி வெட்டிய 3 சென்டிமீட்டர் முடி, கடந்த மூன்று மாதக் கணக்கைச் சொல்லும். மொட்டை போட்டவர்களை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆய்வகத்திலேயே அழுத்தத்தை உண்டாக்கிப் பார்க்கும் முறையும் உண்டு. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாமும் அவரது குழுவினரும் 1993-ல் வெளியிட்டது. 10 நிமிடம் தயாராக வேண்டும். பிறகு முகத்தில் சிரிப்பே காட்டாத நடுவர்கள் முன்னால் 5 நிமிடம் பேச வேண்டும், அதன்பின் 5 நிமிடம் 1022-லிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும்: 1009, 996, 983... ஒரு எண் தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊசி, மின்சாரம் எதுவும் இல்லாமல், நாலு பேர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற எண்ணமே பெரும்பாலானவர்களுக்குக் கார்ட்டிசாலை ஏற்றிவிடுகிறது.

ஒரு கற்பனை ஆய்வு: சின்னமுட்டமும் குளச்சலும்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு 8 வார மூச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்க்க ஒரு குழு முடிவு செய்கிறது என்று கற்பனை செய்வோம். சின்னமுட்டத்தில் பயிற்சி, குளச்சலில் பயிற்சி இல்லை. ஜூன் 1-ல் கேள்வித்தாள், ஜூலை 27-ல் மறுபடி கேள்வித்தாள். சின்னமுட்டத்தில் மதிப்பெண் நன்றாக இறங்கியிருக்கிறது, குளச்சலில் ஏறியிருக்கிறது. மூச்சுப் பயிற்சி வென்றுவிட்டதா?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஓட்டை உடனே தெரிந்திருக்கும். இங்கே மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக் கணக்கில் வரும் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். ஜூன் 1 அன்று சின்னமுட்டத்துக்காரர் 47 நாள் கடல் வருமானம் இல்லாமல் இருந்தவர். ஜூலை 27-ல் அவர் ஆறு வாரமாகத் தொழிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். குளச்சல்காரருக்கோ நேர் எதிர். தடையின் முதல் நாளில் தொடங்கி, கையிருப்பு கரைந்துபோன நேரத்தில் இரண்டாவது தாளை நிரப்புகிறார். யாரும் எந்தப் பயிற்சியும் செய்யாமலிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். இடத்தை மாற்றிக் குளச்சலில் மட்டும் பயிற்சி கொடுத்திருந்தால், "மூச்சுப் பயிற்சியால் டென்ஷன் கூடுகிறது" என்று எழுதியிருப்பார்கள்.

தடைக்காலம் இல்லாத தொழிலிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். மனிதர்கள் உதவி தேடி வருவது மிக மோசமான வாரத்தில். மோசமான வாரத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அத்தனை மோசமில்லாத வாரம். பயிற்சி முகாமுக்குப் போனாலும் போகாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 'முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு' என்று மட்டும் காட்டுகிற எந்தக் கணக்கையும் நம்ப வேண்டாம் என்பது இதனால்தான்.

இதற்கு வழி, ஒவ்வொரு துறைமுகத்திலும் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் பயிற்சிக்கும் மீதியை ஒப்பீட்டுக்கும் பிரிப்பது. கணினி தயாரித்த வரிசைப்படி, உள்ளே இருப்பது தெரியாத, ஒட்டிய, எண்ணிட்ட உறைகள். அவற்றை வைத்திருப்பவர் ஆட்களைச் சேர்ப்பவராக இருக்கக் கூடாது. காரணம் மோசடி மட்டுமல்ல, இரக்கமும்தான். "பாவம், இந்த அண்ணனுக்கு ரொம்பக் கஷ்டம், பயிற்சியில போடுவோம்" என்று ஒரு களப்பணியாளர் உறையை மாற்றினாலே குலுக்கல் கெட்டது. ஒரே படகில் போகும் ஆட்களைப் பிரித்தால் பயிற்சி பெற்றவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார் என்ற தொல்லையும் உண்டு. அதற்காகப் படகு படகாகவோ ஊர் ஊராகவோ குலுக்குவார்கள். அப்போது ஆட்கள் அதிகம் வேண்டும், ஊர்களும் அதிகம் வேண்டும். உகாண்டாவில் தென் சூடான் அகதிப் பெண்களிடம் உலக சுகாதார நிறுவனத்தின் சுய உதவிப் பயிற்சியைச் சோதித்தபோது 14 கிராமங்களில் 694 பேரைச் சேர்த்தார்கள். ஊருக்கு ஒன்று என்று இரண்டே ஊரை வைத்து முடிவு சொல்லவே முடியாது.

ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கொடுப்பது என்பதும் முடிவை மாற்றும். ஒன்றுமே கொடுக்காமல் "உங்களுக்குப் பிறகு" என்று காத்திருக்க வைத்தால் எந்தப் பயிற்சியும் நன்றாகத் தெரியும். வாரம் ஒருமுறை யாரோ வந்து அக்கறையாக விசாரிப்பதே பாதி மருந்து. சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோர முகாம்களில் 183 பேரிடம் யோக மூச்சுப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2010-ல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண்கள் நன்றாகவே இறங்கின. ஆனால் ஆட்களைப் பிரித்தது முகாம் வாரியாக, ஒப்பீடு 6 வாரம் காத்திருந்த குழுவோடு. பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளில்லை. எவ்வளவு மூச்சால், எவ்வளவு கவனிப்பால் என்று பிரிக்க முடியாது, அவ்வளவே. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே நேரம், அதே ஆள், ஆனால் வேறு உள்ளடக்கம் (ஒரு சத்துணவு வகுப்பு, உதாரணமாக) கொடுக்க வேண்டும்.

மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து யார் எதைச் சாப்பிடுகிறார் என்பதை மறைத்துவிடலாம். மூச்சுப் பயிற்சியை மறைக்க வழியில்லை. அதனால் பயிற்சி கொடுத்தவரே கேள்வித்தாளையும் கொண்டுவரக் கூடாது. "எப்படி அண்ணே இருக்கு?" என்று அவர் கேட்டால், முகத்துக்காகவாவது "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும்.

பாதியில் நின்றுபோனவர்களின் கணக்கும் முக்கியம். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் போனால் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். எட்டாவது வாரக் கேள்வித்தாளுக்குக் கரையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் படம் மாறிவிடும். குலுக்கலில் வந்த அத்தனை பேரையும், வகுப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும், போட்ட குழுவிலேயே வைத்துக் கணக்கிடுவதுதான் முறை.

கடைசியாக ஒன்று. பத்து விஷயங்களை அளந்துவிட்டு நன்றாக வந்த ஒன்றை மட்டும் முரசடிப்பது பழைய தந்திரம். அதைத் தடுக்கவே, எதை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கிறார்கள். இந்தியாவில் இதற்கான பதிவேடு, சி.டி.ஆர்.ஐ., 2007-ல் தொடங்கியது. அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். பதிவில் சொன்ன முதன்மை அளவையும் கட்டுரையில் முரசடிக்கிற அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும்.

எவ்வளவு குறையும்?

தியானப் பயிற்சிகளைப் பற்றி 2014-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது: முறையான ஒப்பீடு உள்ள 47 ஆய்வுகள், 3515 பேர். பதற்றத்தில் 8 வார வாக்கில் கிடைத்த விளைவு அளவு (இரு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசத்தை, மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் விலகும் அளவால் வகுத்தால் வரும் எண்) 0.38, மனச்சோர்வில் 0.30. கேள்வித்தாள் மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் சுமார் 6 புள்ளி விலகியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், 0.38 என்பது இரண்டு புள்ளிக்குச் சற்று மேல். 25-ல் இருந்தவர் 23-க்கு வருவார். சிறியது, ஆனால் பொய்யல்ல. உடற்பயிற்சி, மருந்து போன்ற வேறு சிகிச்சைகளைவிடத் தியானம் மேல் என்பதற்கு அந்தத் தொகுப்பில் சான்று கிடைக்கவில்லை. பாதியாகக் குறைத்துத் தருவோம் என்று எழுதியிருக்கும் பலகையை இந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

செய்து பார்க்க உகந்தவை

மெதுமூச்சு. நிமிடத்துக்கு 6 மூச்சு என்பது இலக்கு: 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே, மூக்கு வழியாக, 5 நிமிடம். வயிறு உயர வேண்டும், தோள் உயரக் கூடாது. பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, மெதுவாக இழுப்பதற்குப் பதில் நிறைய இழுப்பது. அப்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும். இது ஆபத்தில்லை, ஆனால் ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவரை இன்னும் பயமுறுத்திவிடும். மூச்சின் அளவைச் சிறிதாக்கினால் சரியாகும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு முடியாதவர்கள் எட்டு மூச்சில் தொடங்கலாம்.

தசைத் தளர்வு. எட்மண்ட் ஜேகப்சன் 1920-களில் வகுத்தது. கைகளில் தொடங்கி முகம், தோள், வயிறு, தொடை, பாதம் என்று ஒவ்வொரு பகுதியையும் 5 முதல் 7 நொடி இறுக்கி, 20 முதல் 30 நொடி தளர்த்த வேண்டும். முழுப் பலத்தில் இறுக்க வேண்டாம், மூச்சையும் அடக்க வேண்டாம். கெண்டைக்காலைப் பலமாக இறுக்கினால் தசை பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து முந்திரி உடைப்பவர்கள் காலைப் பாதிப் பலத்தில் இறுக்கினால் போதும். தூங்கப் போகும் முன் செய்ய இது நல்லது.

சிக்கலைப் பிரித்தல். இதற்கு அதிக மதிப்புக் கொடுக்கலாம், ஏனென்றால் நம் ஊர் அழுத்தத்தில் பாதி கடனும் விலையும் பிள்ளைகளின் படிப்பும்தான். அதை மூச்சு மட்டும் தீர்க்காது. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 5 அமர்வுத் திட்டத்தில் இது ஒரு முக்கியப் பகுதி. பாகிஸ்தானின் பெஷாவரில் 346 பேரிடம் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். பதற்றமும் மனச்சோர்வும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்தன. முறை இதுதான்: கவலைகளையெல்லாம் எழுதி, தீர்க்கக்கூடியவை, தீர்க்க முடியாதவை, முக்கியமில்லாதவை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். ரப்பர் விலை இரண்டாவதில் போகும். குழுக் கடனின் தவணைத் தேதி முதலாவதில் வரும். அந்த ஒன்றை மட்டும் எடுத்து, தோன்றுகிற வழிகள் எல்லாவற்றையும் நல்லது கெட்டது பார்க்காமல் எழுதி, பிறகு ஒன்றைத் தேர்ந்து, 'செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குழுத் தலைவியைப் பார்ப்பேன்' என்கிற அளவுக்கு நாளும் நேரமும் குறிக்க வேண்டும். 'கடனை அடைக்க வேண்டும்' என்று எழுதினால் அது திட்டமல்ல, அதே கவலையின் இன்னொரு வடிவம்.

நடைப்பயிற்சிக்கும் நல்ல சான்று உண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் தலையில் மீன்கூடையோடு தெருத்தெருவாகப் போகும் அக்காவிடம் போய் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொல்லும் அறிவுரை மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. அவருக்கு வேண்டியது ஓய்வும் உறக்கமும்.

பேசவைப்பது எப்போதும் நல்லதல்ல

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அப்படி ஒரு பேரிடர் நடந்த உடனே, தப்பி வந்தவர்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் சொன்னால் மனச்சுமை இறங்கிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, முறையான ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்து அதை ஏற்கவில்லை. பின்னாளில் வரும் மனக்காய நோயை அது தடுக்கவில்லை. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆனது. நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் நன்மை செய்யும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு இந்த முடிவு ஏற்கக் கடினமாகவே இருந்தது.

இப்போது பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி. பார், கேள், இணை என்று மூன்று படி. யாருக்கு உடனடி உதவி வேண்டும் என்று பார்ப்பது. அவர்களாகப் பேசினால் கேட்பது. துருவிக் கேட்காமல் இருப்பது. உணவு, போர்வை, தேடுதல் பற்றிய உண்மையான செய்தி, உறவினர், நிவாரண அலுவலகம் ஆகியவற்றோடு இணைப்பது. "எல்லாம் சரியாகிவிடும்" போன்ற, நம் கையில் இல்லாத வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் தாமாகவே தேறுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, உறக்கமில்லை, கடல் பக்கமே போக முடியவில்லை என்றால் மனக்காயத்துக்கான முறையான பேச்சுச் சிகிச்சை உண்டு. அது பல அமர்வுகள் நடக்கும்.

பேரிடர் இல்லாமலும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடும் உறக்கமும் கெட்டுவிட்டன என்றால் பயிற்சிகளை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் தியானம் தொடங்கிவிட்டோம் என்று அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், அதை டென்ஷன் என்று எண்ணி மூச்சுப் பயிற்சியில் உட்காராமல் நேரே அவசரப் பிரிவுக்கு, 108-ல்.